தெருவில் கால் படாமல்

பாம், பாம் என்று இரண்டு தடவை ஹாரன் கேட்கும். உடனே எங்கள் சந்தில் ஒரு கலவரம் நடக்கும்.

பால்காரர் வாசலில் கட்டியிருக்கும் பசுவை அவிழ்த்துத் தொழுவத்துக்குள் இழுப்பார். எதிர்வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்ப்பார். துணி காயும் மூங்கில் கழிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து உள்ளே வாங்குவார்கள். கோழிகளுக்கு யாரும் சொல்ல வேண்டாம், அதுகளுக்கே பழகிவிட்டது. நான் பத்து எண்ணுவதற்குள் சந்து காலியாகிவிடும்.

அப்புறம், சந்து முனையை அடைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி எங்கள் பள்ளிக்கூட பஸ் உள்ளே வரும். ஆமாம், பின்பக்கமாகத்தான் வரும். அந்தப் பக்கம் நாலு விரல் இடைவெளி, இந்தப் பக்கம் நாலு விரல் இடைவெளி. நடுவில் ஒரு மோட்டார் வண்டி.

எங்கள் வீடு சந்தின் கடைசி வீடு. பஸ்ஸுக்குக் கதவும் படியும் பின்னால் இருந்தன. அந்தப் படி வாசல் சாக்கடையைத் தாண்டி வந்து, வீட்டு முன்னால் கூரைக்கடியில் ஓடும் அஞ்சடி நடைபாதையை ஒட்டி நிற்கும். முட்டாது. ஒட்டித்தான் நிற்கும். என் அக்கா தனபாக்கியம் அஞ்சடியிலிருந்து ஒரே எட்டில் பஸ்ஸுக்குள் ஏறிவிடுவாள்.

அவள் கால் தெருவில் பட்டதில்லை. படவும் கூடாது. பட்டால் அன்றோடு அவள் படிப்பு முடிந்தது.

முதலில் மாடு, அப்புறம் மோட்டார்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து மணியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் எல்லாம் நடந்தா போனீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். நடப்பதா! நல்ல கதை. நடக்க விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது மாட்டு வண்டிதான். பெண்பிள்ளைகளுக்கான மிஷன் பள்ளிக்கூடம் அது. மேட்டின் மேல் இருந்தது. வண்டிக்கு நான்கு பக்கமும் திரை போட்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். தேங்காயெண்ணெய் வாசம், வைக்கோல் வாசம், யாரோ கட்டிக்கொண்டு வந்த நெத்திலிக் கருவாட்டு வாசம் எல்லாம் சேர்ந்து ஒரு மாதிரி இருக்கும். சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். எங்கள் மாடுகள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மேடு ஏறும்போது பெரிய பெண்கள் இறங்கித் திரைக்குப் பக்கத்திலேயே ஒட்டி நடப்பார்கள். நாங்கள் சின்னதுகள் உள்ளே இருந்து "ஹை ஹை" என்று மாட்டை விரட்டுவோம்.

ஒரு நாள் காலையில் வண்டிக்குப் பதிலாக மோட்டார் பஸ் வந்து நின்றது.

அடேயப்பா! அன்று எனக்கு ஏற்பட்ட மலைப்பு இன்றைக்கும் போகவில்லை. லாரியின் மேல் ஒரு மர வீட்டைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் நீள பெஞ்சு, கண்ணாடி கிடையாது, சுருட்டி இறக்கும் கித்தான் திரை. புதுச் சாயத்தின் வாசத்தோடு பெட்ரோல் வாசம் கலந்து வந்தது. அந்த வாசத்தை நான் மூச்சு முட்ட இழுத்தேன். தேவலோகத்தில் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்தேன். எட்டு வயதில் தேவலோகத்தைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

டிரைவர் முன்னால் இறங்கி, இரும்புக் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்று சுற்றினார். வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு சுற்று. பெஞ்சு, தரை, எங்கள் பல் எல்லாம் சேர்ந்து நடுங்க ஆரம்பித்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை. முருகன் வந்தால் அவருக்கும் உட்கார இடம் வேண்டுமே.

அந்த டிரைவருக்குப் பெயர் சமான்; மலாய்க்கார மரியாதையில் பாக் சமான். பவியான் தீவுக்காரர். ஒல்லியாக, கறுப்பு சொங்கோ தொப்பி போட்டுக்கொண்டு, எப்போதும் ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருப்பார். முன்பு குதிரை ஓட்டியவராம். பஸ்ஸையும் தட்டிக் கொடுத்துத்தான் கிளப்புவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அன்னம்மா என்று ஓர் ஆயா உண்டு. வெள்ளைச் சேலை, கையில் விசிறி, வாயில் வசவு. அவள் எங்களை வையாத நாளில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அப்பா சொன்ன ஒரு வார்த்தை

என் அப்பா தஞ்சோங் பகார் கப்பல் துறையில் தண்டலாக இருந்தார். மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவர். நாற்பது பேரை ஒரு சொல்லில் நிறுத்துவார், ஒரு சொல்லில் நகர்த்துவார். அப்படிப்பட்டவர் ஒன்றைச் சொல்லிவிட்டு மாற்ற முடியாது. மாற்றினால் அடுத்த நாள் துறையில் எவன் கேட்பான்? வீட்டிலும் அப்படித்தான். பிடித்தால் உடும்புப் பிடி.

எங்களைப் படிக்க வைத்தது அம்மாவின் பிடுங்கலால். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஊரிலிருந்து வரும் கடிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லி, நம் வீட்டுச் சங்கதியை ஊரார் வாயில் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம். அக்கா நன்றாகப் படித்தாள். ஏழாம் ஸ்டாண்டர்ட் பரீட்சை தேறினால் டீச்சர் வேலைக்குப் பயிற்சி கொடுப்பதாகப் பெரிய துரைசானி சொல்லியிருந்தார். பெரிய துரைசானி என்றால் எங்கள் தலைமையாசிரியை, வெள்ளைக்காரப் பெண்மணி. அக்காவுக்கு ராப்பகலாக அதே நினைப்பு. வீட்டுக் கோழிக்குக்கூடப் பாடம் நடத்துவாள்.

பரீட்சைக்கு எட்டு ஒன்பது மாதம் இருக்கும்போது அக்கா பெரியவளானாள்.

சடங்கு நடந்தது. புட்டு, உளுந்தங்களி, பந்தல், உறவு சனம், எல்லாம் உண்டு. சாயங்காலம் சபையில் ஒரு மாமா, எந்த மாமா என்று சொன்னால் அவர் பேரப்பிள்ளைகள் வருத்தப்படுவார்கள், "என்ன தண்டல், இனிமேயும் பொண்ணு ரோட்டுல போய்ப் படிக்கப் போவுதா?" என்று எடுத்துக் கொடுத்தார். வாய் சும்மா இருக்குமா மனுஷருக்கு?

சபை முழுக்க அப்பாவைப் பார்த்தது. அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"எம் பொண்ணு காலு இனிமே தெருவுல படாது."

அவ்வளவுதான். அக்கா உள்ளே மணையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ ஆடியதை நான் பார்த்தேன். அழுதாளா இல்லையா தெரியாது. தலை குனிந்திருந்தது.

அன்னம்மாவின் வாய்

அக்கா பள்ளிக்கு வராமல் நின்றாள். நான் மட்டும் போய் வந்தேன். மூன்றாவது வாரம் பெரிய துரைசானியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சந்தே வேடிக்கை பார்த்தது. மொழிபெயர்க்க அன்னம்மா கூட வந்தாள்.

துரைசானி என்னென்னவோ சொன்னார். அன்னம்மா அதில் பாதியை மொழிபெயர்த்தாள், பாதியைத் தானே சேர்த்தாள். அப்பா மரியாதையாக நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சபையில் சொன்ன சொல் ஒன்று இருக்கிறது என்றார். என்ன சொல் என்று துரைசானி கேட்டார். அப்பா சொன்னார். அன்னம்மா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் விசிறியை நிறுத்தினாள்.

"ஐயா, தெருவுல கால் படக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? பள்ளிக்கூடம் போகக் கூடாதுன்னு சொல்லலையே?"

அம்மா கதவுக்குப் பின்னால் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

அப்பா சிரித்தார். சந்தின் அகலம் அவருக்குத் தெரியும், பஸ்ஸின் அகலமும் தெரியும். "காலு படாம எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க? பஸ் என் வீட்டு வாசலுக்கு வருமா? வந்தா கூட்டிட்டுப் போங்க. பரீட்ச வரைக்கும் போவட்டும்" என்றார். பெரிய மனுஷரைச் சமாதானமாக அனுப்பி வைக்கிற பேச்சு அது. கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காத மாதிரியும் இருக்க வேண்டும்.

துரைசானி வெளியே போய்ப் பாக் சமானிடம் மலாயில் பேசினார். பாக் சமான் இறங்கிச் சந்துக்குள் நடந்து வந்தார். இரண்டு கையையும் விரித்துச் சுவரிலிருந்து சுவர் அளந்தார். திரும்பிப் போய் பஸ்ஸை அளந்தார். மறுபடி வந்து சாக்கடையைப் பார்த்தார். உள்ளே வந்தால் திருப்ப இடமில்லை, அதனால் பின்பக்கமாக வந்தால்தான் முன்பக்கமாகப் போக முடியும் என்று கையாலேயே காட்டினார். புருவத்தைச் சுருக்கி ரொம்ப நேரம் நின்றார்.

"போலே" என்றார். முடியும் என்று அர்த்தம்.

நாலு விரல்

மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் அஞ்சடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்கத்தான். சந்தில் எல்லாரும் அதற்குத்தான் நின்றார்கள்.

பாக் சமான் தலையை வெளியே நீட்டி, பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் கிடையாது. அன்னம்மா பஸ்ஸுக்குப் பின்னால் நடந்தபடி விசிறியால் வழிகாட்டினாள். "லாகி, லாகி" என்றால் இன்னும் வா. விசிறியை மடக்கினால் நில். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணி பஸ்ஸின் சாயத்தை நீளமாகக் கீறியது. பாக் சமான் நிறுத்தினார், முன்னால் போனார், சக்கரத்தை ஒரு மயிரிழை திருப்பினார், மறுபடி வந்தார். எஞ்சின் சூடு சந்து முழுக்க அடித்தது.  ஓர் ஆள் சுருட்டைப் பற்றவைக்கக் குச்சியைக் கிழித்துவிட்டு அதை மறந்து விரலைச் சுட்டுக்கொண்டார்.

"சுடா" என்றாள் அன்னம்மா. போதும்.

படி அஞ்சடியை ஒட்டி நின்றது. அப்பா முக்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். படிக்கும் அஞ்சடிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை விட்டுப் பார்த்தார். போகவில்லை.

அக்கா மூன்று வாரத்துக்குப் பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறினேன். என் கால் தெருவில் பட்டால் யாருக்கும் கவலையில்லை. ஆனாலும் எனக்கும் அந்த ராஜ மரியாதை வேண்டியிருந்தது.

 அன்று மத்தியானம் அப்பா ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவர் ஆணியைப் பிடுங்கிப் போட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினம் இதுதான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அப்பா கிழக்கு வெளுப்பதற்கு முன்பே துறைக்குப் போய்விடுவதால் அவர் பார்க்க மாட்டார். சந்துக்காரர்களுக்கு முதலில் தொந்தரவாக இருந்தது. பிறகு பெருமையாகிவிட்டது. மற்ற சந்துகளிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். பால்காரர், "நம்ம பஸ் வர்ற நேரம்" என்று சொல்ல ஆரம்பித்தார். பஸ் என்னமோ அவர் தொழுவத்தில் பிறந்த மாதிரி.

இப்போதைய பஸ்

இதை எழுதிக்கொண்டிருக்கும் ஆங் மோ கியோ வீட்டுக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், தினம் காலை நான்கு பள்ளிக்கூட பஸ்கள் வருகின்றன. பக்கத்து வீட்டுக் கவிதாவின் அம்மா ஃபேக்டரிக்குச் சீக்கிரமே போய்விடுவதால் அவளைப் பஸ் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. பிரைமரி நாலு படிக்கிறாள். வாய் எட்டூருக்கு. எனக்கு அது பிடிக்கும்.

"பஸ் செம போரிங் லா ஆண்ட்டி. எல்லாரும் தூங்குவாங்க" என்று போன மாதம் அலுத்துக்கொண்டாள். சரி என்று பாக் சமான் கதையைச் சொன்னேன். ரிவர்ஸிலேயேவா, கண்ணாடி இல்லாமலா என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் பையை முதுகில் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அவ்ளோ கஷ்டம் எதுக்கு? உங்க அக்கா சும்மா நடந்து வந்து பஸ் ஏறியிருக்கலாமே?"

நான் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தவள். இந்தப் பாடத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ரோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடி ஏறினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. மோட்டார் வண்டியைப் பார்த்து வாய் பிளந்ததைவிட, ஒரு பெண்பிள்ளை இப்படித் தெருவைக் கடப்பதைப் பார்த்துத்தான் எனக்கு இன்றைக்கு மலைப்பு. இது அவளுக்குப் புரியாது. புரியாமல் இருப்பதுதான் நல்லது.

தண்ணீர்

பரீட்சை மூன்று நாள். முதல் நாளுக்கு முந்தைய ராத்திரி முழுக்க மழை கொட்டியது. கடலில் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் ரோச்சோர் கால்வாய் பொங்கி எங்கள் பக்கம் வந்துவிடும். காலையில் கதவைத் திறந்தால் சந்தைக் காணவில்லை. தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் நின்றது. அதில் தொழுவத்து வைக்கோல், சாணி, யாருடையதோ ஒற்றை மரக்கட்டைச் செருப்பு, எல்லாம் மிதந்தன. எங்கள் அஞ்சடிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் இருந்தது.

மழையில் கப்பலில் சரக்கு இறக்க மாட்டார்கள். அதனால் அப்பா வீட்டில் இருந்தார்.

மழை விட்டது. ஹாரன் கேட்டது. சந்து முனையில், கொஞ்சம் மேடான பெரிய ரோட்டில், பஸ் நின்றது. பாக் சமான் இறங்கித் தண்ணீருக்குள் நாலடி நடந்தார். முழங்கால் வரை வந்தது. எஞ்சின் இருக்கும் உயரத்தைக் கையால் காட்டினார். எங்கள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தா போலே" என்றார்.

முடியாது என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்னம்மா அங்கிருந்தே, இன்னும் அரை மணி நேரத்தில் பரீட்சை மணி அடித்துவிடும், பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று கத்தினாள். அடுத்த பரீட்சை அடுத்த வருஷம். அப்பா அனுமதி கொடுத்தது இந்தப் பரீட்சை வரைக்கும்தான். தூத்துக்குடிப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகம் ஏற்கெனவே எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

அக்கா பாவாடை தாவணியில், எழுதுகோலையும் மைப் புட்டியையும் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சடி விளிம்பில் நின்றாள். கேட்கவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பா கோபப்பட்டிருப்பார், கோபத்தில் முடியாது என்று சொல்லியிருப்பார். அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. அம்மா உள்ளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.  நான் தண்ணீரைத் திட்டினேன், பாக் சமானைத் திட்டினேன், சடங்கில் வாயைக் கொடுத்த மாமாவைத் திட்டினேன். எல்லாம் மனதுக்குள்தான்.

ஒவ்வொரு வீட்டு அஞ்சடியிலும் ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தச் சபையில் உட்கார்ந்து புட்டு தின்றவர்கள். அப்பா என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தண்ணீரையே பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். வேட்டியை மடித்துக் கட்டினார். மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்தார். பிறகு துறையில் ஆட்களுக்குச் சொல்கிற குரலில், சந்து முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"தெரு எங்கடா இருக்கு?"

கழியால் தண்ணீரை ஓர் அடி அடித்தார்.

"காலு தெருவுல படாதுன்னுதான் சொன்னேன். தெரு எங்க இருக்கு? தண்ணிதானே கிடக்கு."

சொல்லிவிட்டுத் தொபுக்கென்று இறங்கினார். என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். கழியால் குத்திக் குத்திச் சாக்கடை எங்கே முடிகிறது, தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தார். திரும்பாமலே அக்காவிடம் சொன்னார்:

"நான் கால் வெக்கிற எடத்துல கால் வெச்சு வாம்மா. அவசரப்படாத."

அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து நான் பின்னால் பார்த்தபடியே போனேன். அக்கா துணிச்சுருளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் அப்பாவின் முதுகையே பார்த்து நடந்தாள். முகத்தில் பயமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஒரு இடத்தில் சறுக்கினாள். பால்காரர் தன் அஞ்சடியிலிருந்து கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. தானே நிமிர்ந்துகொண்டாள்.  தண்ணீர் சலசலக்கும் சத்தமும் அப்பாவின் கழி தரையில் இடிக்கும் சத்தமும் மட்டும் கேட்டன.

பஸ் படியில் அக்கா ஏறியதும் பாக் சமான் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். அன்று அவர் ஓட்டிய வேகத்தில் அன்னம்மா கர்த்தரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா ஈரப் பாவாடையோடு உள்ளே ஓடினாள்.

தேறினாளா என்று கேட்பீர்கள். தேறினாள். டீச்சரானாள். நான் டீச்சரானதும் அவளைப் பார்த்துத்தான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தபோது என் மனதில் இருந்தது அந்த வெள்ளமோ பரீட்சையோ இல்லை. அதற்கு மறுநாள் காலை.

மறுநாள்

தண்ணீர் வடிந்துவிட்டது. சுவரெல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. சந்து பளிச்சென்று, கழுவிப் போட்டது போல, ஈரமாக வெயிலில் கிடந்தது. பரீட்சை இன்னும் இரண்டு நாள் பாக்கி.

அப்பா கிழக்கு வெளுப்பதற்கு முன்பே துறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சட்டை போட்டு, தலைப்பாகை கட்டி, புறப்படத் தயாராக அஞ்சடியில் நின்றுகொண்டே இருந்தார். நேரமாகவில்லையா என்று அம்மா கேட்டதற்குத் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

பாம், பாம். சந்து தன் வேலையைத் தொடங்கியது. பசு உள்ளே போனது, கட்டில் நிமிர்ந்தது. பஸ் முதுகைக் காட்டிச் சந்து முனைக்கு வந்தது. பாக் சமான் தலையை வெளியே நீட்டினார். அன்னம்மா விசிறியைத் தூக்கினாள்.

அப்பா விறுவிறுவென்று நடந்து போய் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினார்.

"தா பாயா, பாக்" என்றார். வேண்டாம், தேவையில்லை.

பாக் சமானுக்குப் புரியவில்லை. அன்னம்மாவைப் பார்த்தார். அவளுக்கும் புரியவில்லை, பாவம், விசிறியைத் தூக்கியபடியே நின்றாள். அப்பா திரும்பி வந்தார். வரும் வழியில் இரண்டு பக்கத்து அஞ்சடிகளையும் ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். எல்லாருக்கும் உடனே உள்ளே ஏதோ வேலை இருந்தது.

அக்கா விளிம்பில் நின்றாள். கீழே தெருவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இன்னிக்குத் தண்ணி இல்லப்பா. தெரு இருக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றார் அப்பா. "நேரமாவுது. நட."

அக்கா இறங்கி நடந்தாள்.